காளைத் திமில் வைத்த ஒட்டகம்

தம்பி,

பக்கத்து வீட்டில் புளியங்கொட்டைக் கூழ் காய்ச்சுகிறார்கள். வறுத்து, தோல் நீக்கி, இடித்த மாவு கொதிக்கும்போது ஒரு வாடை வருமே, கருகலும் புளிப்புமாகத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை, அது நம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து நம் தெருவில் பாதிப் பேர் தறியின் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சிக்குப் பதில் இந்தக் கூழைத்தான் போடுகிறார்கள். போன மாதமாக இருந்தால் இந்த வாடைக்கே நான் மூலையில் உட்கார்ந்து உனக்காக அழுதிருப்பேன். இன்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் நிலைக்கு மேலே இருந்த காரை உதிர்ந்தது.

செத்தவர்களோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். போடாமல் என்ன செய்வது? உயிரோடு இருந்தபோது போட்டிருக்க வேண்டிய சண்டையை எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துவிட்டு நீ போய்விட்டாய். ஆவணிக் கடைசியில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். உன் கூட்டாளி சவரிமுத்து ஊருக்கு வந்தது போன வாரம். அவன் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ செய்ததை உனக்கே வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

உலகச் சண்டை நடந்த காலம் அது. பாலன் பிறப்புக்கு நம் மாதா கோயிலில் வைக்கும் குடிலுக்கு எப்போதோ சீமையிலிருந்து வந்த சுண்ணாம்புச் சிலைகளில் மாடும் கழுதையும் பெட்டிக்குள்ளேயே நொறுங்கிக் கிடந்தன. ஆடுகளில் ஒன்றுக்கும் நான்கு கால் முழுசாக இல்லை. புதிதாக வரவழைக்கக் கப்பல் ஓடவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பெட்டியை மூடிவிட்டு, "இந்த வருசம் மாதாவும் சூசையப்பரும் பாலனும் போதும். அவுகதான முக்கியம்" என்றார். பக்கத்தில் நின்ற நீ சும்மா இருந்தாயா? "மாடு இல்லாம என்ன தொழுவம், அய்யா? நாங்க செஞ்சு தாரோம்" என்று சொல்லிவிட்டு வந்தாய். நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். "நீயும் நானும்தான்" என்றாய்.

மறுநாள் பஸ் கொட்டகைக்குப் பின்னாலிருந்து நசுங்கிய மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாய்.

"அக்கா, இதப் பாரேன். காலை மடக்கிப் படுத்திருக்கிற மாடு மாதிரி இல்ல?"

"எனக்குத் தகரம்தாம்லே தெரியுது."

"வயிறு இங்கன உப்பியிருக்கு பாரு. அசை போடுது."

அப்போதும் எனக்குத் தகரம்தான் தெரிந்தது. ஆனால் நீ விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கொஞ்சம் தட்டி, கொஞ்சம் வெட்டி, சாக்கைச் சுற்றிப் புளியங்கொட்டைக் கூழை அப்பினேனே, அப்போது தெரிந்தது. நம் இருவருக்கும் ஆண்டவர் அப்படித்தான் பங்கு போட்டிருந்தார். குப்பையில் கிடக்கிற உயிர் உன் கண்ணுக்குத் தெரியும். அதை எழுப்பி நிறுத்துவது என் கைக்குத் தெரியும். உனக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது. எனக்கு நீ காட்டாமல் ஒன்றும் தோன்றாது.

பஞ்சு ஆலையில் வெளியே கொட்டுகிற கொட்டைப் பஞ்சு, ஒடிந்த குடைக்கம்பி, தறியில் நூலோடு ஓடி உடைந்துபோன நாடாக் கட்டை, அறுந்த நூல் கற்றை, பனங்கொட்டை எல்லாம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. நாடாவைக் கழுதை முகமாக்கினோம். அறுந்த நூல் அதற்குப் பிடரி. பனங்கொட்டையைச் சீவினால் ஆட்டுத் தலை. எல்லாவற்றுக்கும் கண், புளியங்கொட்டை. சீமை ஆடுகளுக்குச் சுருட்டை மயிர் இருந்ததே, அதுபோல் பஞ்சு ஒட்டலாமா என்று நான் கேட்டபோது, "நம்மூரு ஆட்டுக்கு ஏதுக்கா சுருட்டை? மழமழன்னு விடு" என்றாய். விட்டேன். அந்த ஆடுகளை இன்றைக்கும் உபதேசியார் பத்திரமாக வைத்திருக்கிறார்.

எதையும் அளப்பதற்கு நமக்கு முழக்கோல் கிடையாது. ஒரு நூலை எடுப்பாய். பண்ணைக்காரர் வீட்டு மாட்டின் பக்கத்தில் போய் நின்று, கொம்பு முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு, கழுத்து முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு, முதுகு, வால் என்று போட்டுக்கொண்டு வருவாய். அந்த நூலை நான்காக மடித்து, அதே அளவுக்கு நான் கம்பி வளைப்பேன். தெருவே நம்மைப் பார்த்துச் சிரித்தது. மாட்டுக்குச் சட்டை தைக்கப் போகிறார்களா என்று கேட்டார்கள்.

பாலன் பிறப்பன்று யாரும் சிரிக்கவில்லை. பந்தல்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெள்ளாமைச் சம்சாரி, நம் கோயிலைச் சேர்ந்தவர்கூட இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர், குடிலின் முன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வெளியே போய்த் தன் வண்டியிலிருந்து ஒரு கை சோளத்தட்டையை எடுத்து வந்து தகர மாட்டின் முன்னால் வைத்தார். உபதேசியார் தடுக்கப் போனார். "இருக்கட்டும்யா, பாவம், புள்ளத்தாச்சி மாதிரி களைச்சுக் கிடக்கு" என்றார் அவர். நீ என் விலாவில் இடித்தாய். காளையைச் செய்தோம் என்று நாம் நினைத்திருந்தோம்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தான் மதர். அநாதைப் பெண்பிள்ளைகளுக்கு மடம் நடத்துகிறவர். மதுரைப் பக்கத்திலிருந்து திருநாளுக்கு வந்திருந்தார். வெள்ளைக்காரர், புத்தகத்தில் இருக்கிற தமிழைத்தான் பேசுவார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஊசியும் தகரமும் கீறிய கை. "எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நீங்கள் இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பீர்களா?" என்று கேட்டார். மடத்திலேயே தங்கலாம், தனி அறை உண்டு, சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் மடம் தரும் என்றார். "அடுத்த பாலன் பிறப்பு முடிந்து வருகிற மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மீண்டும் வருவேன். அப்போது ராசாக்களுக்கு ஓர் ஒட்டகம் செய்து வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு உங்களை அழைத்துச் செல்கிறேன்."

அந்தச் சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்குத் தெரியும். உன்னைத் தவிர யாருக்கும் அவ்வளவு தெரியாது. அப்போது என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய் ஏழு வருசம். கடிதம் நின்று ஐந்து வருசம். தாலி கழுத்தில் கிடக்க, ஒருவர் வீட்டிலும் எனக்கென்று ஒரு மூலை இல்லாமல், உன் தறிக்கு நூலைக் குழலில் தாராகச் சுற்றி, உன் கஞ்சியைக் காய்ச்சி, உன் பெண்டாட்டி வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நல்லவளாக இருந்தால் எனக்கு ஒரு தட்டு உண்டு. அவள் முகம் கோணினால் அதுவும் இல்லை. எனக்கென்று ஓர் அறை, நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஒரு கதவு என்று மதர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ என்ன சொன்னாய்? "போக்கா. ராணி மாதிரி இருப்ப" என்றாய். முகம் மலர்ந்துதான் சொன்னாய். நான் பார்த்தேன்.

ஒட்டகத்தை யார் பார்த்தார்கள்? நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாமியார் அறையில் தொங்கிய படத்தில் ராசாக்கள் முட்டிபோட்டிருப்பார்கள்; அவர்களுக்குப் பின்னால் சுவருக்கு மேலே ஒட்டகத்தின் தலையும் கழுத்தும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். முதுகில் கூன் உண்டு என்பது மட்டும் எல்லோருக்கும் கேள்வி. அந்தப் புரட்டாசியில் மதுரைக்குச் சர்க்கஸ் வந்திருப்பதாகவும் அதில் ஒட்டகம் நிற்பதாகவும் சேதி வந்தது. சவரிமுத்து பட்டாளத்தில் சேர மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவனோடு நீயும் போய்ப் பார்த்து வா என்று அனுப்பினேன். அளந்து முடிச்சுப் போட ஒரு சிட்டம் நூலை நானே உன் கையில் கொடுத்தேன். பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய அந்த பஸ்ஸில் நீங்கள் இருவரும் ஏறினீர்கள். "முதுகை நல்லாப் பாருலே" என்று பஸ் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ தனியாகத் திரும்பி வந்தாய். முகம் கழுவக்கூட விடாமல் பிடித்து உட்காரவைத்தேன்.

உதடு கிழிந்த மாதிரி இருக்கும் என்றாய். முட்டியில் தோல் காய்த்திருக்கும் என்றாய். உட்காரும்போது மூன்று மடிப்பாக மடங்கும் என்றாய். எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது.

"கூனு எங்கனலே இருக்கு?"

நீ கொஞ்சம் தண்ணீர் குடித்தாய். பிறகு சொன்னாய்: "நம்ம காளைத் திமில் இருக்குமே, அதே எடந்தான். முன்னங்காலுக்கு மேல. அதவிடக் கொஞ்சம் பெருசு."

"நூல்ல அளந்தியா?"

"கிட்ட விடலக்கா. கயிறு கட்டி வச்சிருந்தாக. கண்ணால பாத்ததுதான்."

நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? முதுகில் மேடு உள்ள பிராணி என்றால் நமக்குத் தெரிந்தது காளை ஒன்றுதான். அதற்கு எங்கே இருக்கிறதோ அங்கேதானே மற்றதற்கும் இருக்கும்? கரிசல் காட்டில் பிறந்தவள் வேறு எப்படி யோசிப்பாள்?

அந்த ஒட்டகத்துக்கு நான் பட்ட பாட்டை நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். ஆள் உயரம் அது. கழுத்துக்கு வளைந்த பனைமட்டை ஒன்றைக் காட்டிலிருந்து தேடி எடுத்து வந்தவன் நீதான். அதைப் பார்த்தவுடன் எனக்கே கழுத்தென்று தெரிந்தது. உதட்டுக்கு பஸ் டியூபின் கிழிசல். கால்களுக்கு ஓடைக்கரையில் கிடைத்த உடைமரக் கொம்புகள், முட்டி இருக்க வேண்டிய இடத்தில் முட்டியோடே இருந்தன. ஆனால் திமிலை முன்னங்காலுக்கு மேலே வைத்தால் கழுத்து உட்கார மறுத்தது. இரண்டும் இடித்துக்கொண்டன. இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன். இரண்டு தடவையும் உன்னைக் கேட்டேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுலே. கூனு பின்னால தள்ளி இருக்குமோ?"

"இல்லக்கா. கழுத்தை வேணா கொஞ்சம் கீழ எறக்கு, சரியா வரும்."

கீழே இறக்கினேன். சரியாக வந்தது. பஞ்சு அடைத்த சாக்கை நீ தோளுக்கு மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் கோணி ஊசியால் தைத்தேன். ஊசி உன் கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தாய். விடவில்லை.

மூன்று ராசாக்கள் திருநாளன்று மதர் வந்தார். என்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தேன். துணிமூட்டையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோயிலே நிறைந்து நின்றது. துணியை நீக்கினோம். ஜனங்கள் ஆவென்று பார்த்தார்கள். அவர்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மதர் மட்டும் சுற்றி வந்தார். முன்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஒட்டகமா? காளை மாடா?"

"ஒட்டகந்தாங்க மதர்."

"நான் கப்பலில் வரும்போது பாலைவனக் கால்வாய்க் கரையில் நூற்றுக்கணக்கான ஒட்டகங்களைப் பார்த்தேன். ஒன்றுக்கும் கூன் கழுத்தின்மேல் இல்லை. நடு முதுகில் இருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இல்லீங்க மதர், எந்தம்பி மதுரையில நேராப் பாத்துட்டு வந்து சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன். அத்தனை பேர் முன்னால் தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

மதர் உன் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தாயா?"

"இல்ல மதர். நான் எந்த ஒட்டகத்தையும் பாக்கல. அக்காவாச் செஞ்சது."

அந்த வார்த்தைகள் எனக்கு முதலில் காதில் விழுந்தன. புத்தியில் விழ நேரமானது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஒட்டகத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "அம்மா, தெரியாமல் செய்வது குற்றம் இல்லை. ஆனால் தெரியாததை மறைக்கத் தம்பியின்மேல் பழி போடலாமா? எங்கள் பிள்ளைகள் சிறு பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மடத்துக்கு வேறு யாரோ ஒரு பெண்ணை அழைத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். சர்க்கஸ் கொட்டகைக்கே போகவில்லை என்றாய். மதுரையில் சினிமாவுக்குப் போனேன், திரும்பி வந்து உன்னிடம் சொல்லப் பயந்து வாய்க்கு வந்ததை அளந்தேன், மதர் கேட்டபோது இனிமேலும் பொய் சொல்லக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன் என்றாய். உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வயசு. அம்மா செத்தபோது ஐந்து வயசு. கஞ்சி கொட்டிவிட்டால்கூட இப்படித்தான் காலைப் பிடிப்பாய். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பொறுத்துக்கொண்டேன். சினிமா பார்க்க ஆசைப்பட்ட பயல், பயந்து உளறினான், வேறென்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். "சரி, விடுலே. எந்திரிச்சுச் சாப்பிடு" என்று தட்டை வைத்தேன். நீ சாப்பிட்டாய். இரண்டாம் தடவை போட்டும் சாப்பிட்டாய்.

அந்தத் தையிலேயே உனக்குக் கல்யாணம் நடந்தது. மல்லாங்கிணற்றுப் பெண். நல்லவள்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒட்டகத்தைக் கோயிலில் வைக்க மனமில்லாமல் நம் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினோமே, அதன் திமிலில் அவள் துவைத்த துணியைக் காயப்போடுவாள். நானும் போட்டேன். மழையில் சாக்கு நைந்து, கழுத்து சாய்ந்து, கடைசியில் கொம்புகளை அடுப்பில் வைத்தேன். எல்லோரும் அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசுகிற அளவுக்குக் காலம் ஓடியிருந்தது. தெருவில் எனக்கு "ஒட்டகத்தக்கா" என்று பெயர் வைத்ததற்குக்கூட நான் சிரித்தேன்.

இந்த ஆவணியில் நீ காய்ச்சலில் படுத்துவிட்ட இருபத்தோரு நாளும் உன் பக்கத்தில் இருந்தவள் நான். உன் பெண்டாட்டி கைப்பிள்ளைக்காரி. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று நான்தான் அவளைத் தள்ளி இருக்கச் சொன்னேன். ஒரு காலை, நெற்றியில் ஈரத்துணி போடும்போது கண்ணைத் திறந்தாய்.

"அக்கா, ஒட்டகத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"எல்லாம் தெரியும், விடு. வாயைத் திற, கஞ்சியக் குடி."

வாயைத் திறந்தாய். கஞ்சியை ஊற்றினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் கையாலேயே நான் அதை அடைத்தேனா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது. ஆறு வருசம் என் எதிரில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாயே, அப்போதெல்லாம் வாய்க்கு என்ன வந்தது?

இனி சவரிமுத்து. சண்டை முடிந்து பட்டாளத்தைவிட்டு வந்தவன் பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நீ போன சேதியை அங்கே கேட்டு வந்திருக்கிறான். வாசலில் நின்று கதறினான். தண்ணீர் கொடுத்தேன். உன்னைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் பேச ஆரம்பித்தான், பாவம்.

"கடைசியா நான் அவனப் பாத்தது மதுரையிலதாங்க்கா. அந்தச் சர்க்கஸுல. ஒட்டகத்த விட்டு நகரவே மாட்டேன்னுட்டான்."

நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். ராட்டை நின்றது. "அவன் சர்க்கஸுக்குப் போகலையே" என்றேன்.

"யாரு சொன்னா? நாந்தான கூடப் போனேன். அங்கன இருந்த ஆளுக்கு வெத்தல வாங்கிக் குடுத்து, கிட்டப் போயி, நீங்க குடுத்த நூலால மூக்குல இருந்து வாலு வரைக்கும் அளந்தான்க்கா. கூனு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தனித்தனியா முடிச்சுப் போட்டான். முதுகு நட்டநடுவுல மலை மாதிரி இருந்துச்சு. அவன் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். 'இத அக்கா செஞ்சா உசுரோட எந்திரிச்சு நடக்கும்லே'ன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ்ஸுக்கு வந்தோம். அங்கன வச்சு ஒரு மாதிரி ஆயிட்டான். 'அக்கா போயிட்டா எந்தறி என்னலே ஆகும்? யாரு தாரு சுத்துவா? கல்யாணம் வேற வருது'ன்னான். அதெல்லாம் பாத்துக்கலாம்லேன்னு ஏத்திவிட்டேன். ஆமா, அந்த ஒட்டகம் எப்படிக்கா வந்துச்சு? மதர் பாத்தாகளா?"

பார்த்தார்கள் என்றேன். நன்றாக வந்தது என்றேன். அவனுக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதைப் பிறத்தியார் செய்வதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, தம்பி. நீ மூன்று மாதம் அதோடு கூடவே இருந்தாய். கழுத்து இடித்தபோது கழுத்தை இறக்கச் சொன்னாய். இல்லாத இடத்தில் திமிலை உன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். எது உண்மையான இடம் என்று முடிச்சுப் போட்ட நூல் உன்னிடம் இருந்தது. அந்த நூலை எங்கே எறிந்தாய்? ஓடும் பஸ்ஸிலிருந்தா? அல்லது என் ராட்டையிலேயே கொண்டுவந்து கலந்துவிட்டாயா? நான் அதையும் தாராகச் சுற்றி உனக்கே கொடுத்திருப்பேன்; நீ அதையும் நெய்து யாருக்கோ சேலையாக விற்றிருப்பாய்.

போகாதே அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இருந்திருப்பேன் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உன்னிடம் நான் பொய் எழுத மாட்டேன். கேட்டிருந்தாலும் போயிருப்பேன். அழுதுகொண்டே போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ கேட்கவில்லை. என் கையை முழுசாக அறிந்தவன் நீ ஒருவன். ஒட்டகம் சரியாக வந்தால் மதர் என்னை அழைத்துப் போகாமல் விடமாட்டார் என்று தெரிந்தே என் கையைக் கெடுத்தாய்.

முந்தாநாள் மதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் இன்னும் அதே மடத்தில்தான் இருக்கிறார். வேலை கேட்டு எழுதவில்லை. அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. அன்று கோயிலில் நான் பழி போடவில்லை, என் தம்பி ஒட்டகத்தைப் பார்த்திருந்தான், பார்த்துவிட்டுத்தான் பார்க்கவில்லை என்று சொன்னான் என்று எழுதினேன். உன் பெயரை எழுதும்போது கை நின்றது. உன் பெண்டாட்டி இப்போது மல்லாங்கிணற்றில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். தைக்குப் பிறகு பிள்ளையோடு வருவாள். அந்தப் பிள்ளையின் அப்பன் பெயரை நானே கெடுக்கலாமா என்று நினைத்தேன். என் பெயரைக் கெடுக்கும்போது நீ நினைத்தாயா என்றும் நினைத்தேன். எழுதினேன். உபதேசியாரிடம் கொடுக்காமல் நானே நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். உனக்கு நான் மறைக்கவில்லை. இதோ சொல்லிவிட்டேன்.

கோயிலில் தினமும் சாயங்காலம் செபமாலை சொல்கிறோம். உன் ஆத்துமத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கிறேன், அதை நிறுத்தவில்லை. ஆனால் பரமண்டல செபத்தில், பிறர் நமக்குச் செய்த தீமையை நாம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லும் இடம் வருகிறதல்லவா, அங்கே வந்ததும் என் வாய் மூடிக்கொள்கிறது. மற்றவர்கள் அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சினிமாவுக்குப் போய்விட்டுப் பயந்து உளறிய தம்பியை நான் பொறுத்துக்கொண்டேன். அப்படி ஒரு தம்பி எனக்கு இருக்கவே இல்லை. நூலில் அளந்துவிட்டு வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தானே, அவன்தான் இருந்தான். அவனுக்கு உரிய மன்னிப்பு செலவாகாமல் என்னிடமே இருக்கிறது. கேட்க உனக்கு இனி வாய் இல்லை. கேளாமல் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

உன் அக்கா